எல்லைப்புறத்துச் சூளைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் பேசுமாறு என்னைப் பணித்த அன்பர்கள், பொருளை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். நான் பானையைப் பற்றிப் பேசத் துணிந்து வந்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அரசர்களைப் பற்றிய சொற்பொழிவுகளை இம்மேடையில் நிறையக் கேட்டிருக்கிறோம். அவ்வரசர்க்குச் சோறு வடித்த பானையைப் பற்றி ஒரு மாலைப்பொழுது கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. புறநானூற்றுப் புலவர்களே வேட்கோவனை விளித்துத் தாழி வேண்டிப் பாடியிருக்கிறார்கள் அல்லவா?

இத்தீவுகளில் வாழும் நமக்கு ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நாம் நாட்டின் விளிம்பில் இருக்கிறோம். வேண்டுவன எல்லாம் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலில் வரவேண்டும். கப்பல் தாமதித்தால் வெங்காயத்தின் விலை ஏறும். ஆதலின் நடுநாட்டில் இருப்போர் பொருள்களைச் செய்வோர் என்றும், எல்லையில் இருப்போர் வாங்குவோர் என்றும் ஒரு கணக்கு நம் மனத்தில் பதிந்துவிட்டது. வரலாற்று நூல்கள் சிலவும் இந்தக் கணக்கையே போட்டிருக்கின்றன. அது சரியான கணக்குதானா என்று பார்ப்பதே என் நோக்கம். இதற்காக உங்களை முதலில் நெடுந்தொலைவு, உரோமப் பேரரசின் வடவெல்லை வரை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கிருந்து புதுச்சேரிக்கு வந்து, பின்பு நம் சௌராத் தீவில் கரையிறங்குவோம். சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

உரோமப் பேரரசின் மேற்குப் பகுதியில், கொஞ்சம் வசதி உள்ள வீடுகளில் எல்லாம் ஒருவகைச் சிவப்பு மட்கலம் புழங்கியது. மெருகிட்டாற்போல் பளபளக்கும் கலம். சிலவற்றில் அச்சிட்ட உருவங்கள் புடைத்திருக்கும். கிறித்துவுக்கு முந்திய இறுதி நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துக் குயவர்கள் இதில் பெயர் பெற்றார்கள். தாம் செய்த கலத்தின் அடியில் தம் பெயரை முத்திரையாகக் குத்தினார்கள். அந்தக் கலத்தை எல்லைக்கு அனுப்பி விற்றுக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. ரைன் ஆற்றங்கரையில் பேரரசின் படைகள் முகாமிட்டிருந்தன. படைவீரனுக்குச் சம்பளம் உண்டு. நல்ல தட்டில் உண்ண வேண்டும் என்ற ஆசையும் உண்டு. இத்தாலியிலிருந்து மலை கடந்து வண்டியில் மண்கலம் கொண்டுவந்தால் வழிச்செலவே கலத்தின் விலையை விழுங்கிவிடும். எனவே சூளைகள், வாங்குவோரை நோக்கி நடக்கத் தொடங்கின! முதலில் இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு, முதல் நூற்றாண்டில் அந்நாட்டின் தெற்கே லா கிரோஃபெசாங்க் என்னும் ஊருக்கு, பின்பு நடுப்பகுதியில் லெசூ என்னும் ஊருக்கு, கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரைன் ஆற்றை அடுத்த ரைன்சாபெர்னுக்கே வந்துவிட்டன. ரைன்சாபெர்னில் அதற்கு முன்பே படைகளுக்கு வேண்டிய செங்கல்லும் ஓடும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல களிமண்ணும் விறகும் ஆற்றுவழியும் அங்கே இருந்தன.

லா கிரோஃபெசாங்கில் கிடைத்த சான்றுகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அவ்வூர்க் குயவர்கள் பலர் சேர்ந்து ஒரே சூளையில் தம் கலங்களை அடுக்கிச் சுட்டார்கள். யாருடைய கலம் எத்தனை என்ற கணக்கு வேண்டுமே! அதைத் தட்டுகளிலேயே கீறி எழுதி வைத்தார்கள். குயவர் பெயர், கலத்தின் வகை, எண்ணிக்கை. அந்த எழுத்தில் இலத்தீன் மொழியும் உள்ளூர் மக்களின் கால் மொழியும் கலந்து கிடக்கின்றன. ஒரு முறை சூளை வைத்தால் முப்பதாயிரம் கலங்கள் வரை வெந்தன என்று அக்கணக்குகள் காட்டுகின்றன. வென்றவரின் கைத்தொழிலை வெல்லப்பட்டவர் கற்றுக்கொண்டு, தம் மொழியிலேயே கணக்கு வைத்துக்கொண்டு, வென்றவர்க்கே விற்றார்கள்!

வென்றவர்க்கே என்றது அலங்காரப் பேச்சன்று. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை பாம்பெயி நகரைப் புதைத்ததை நீங்கள் அறிவீர்கள். அந்நகரத்து வீடொன்றில், அடுக்கியபடியே பிரிக்கப்படாமல் இருந்த சரக்கில், லா கிரோஃபெசாங்கில் செய்த அணிக்கிண்ணங்கள் 90 கிடைத்தன. உரோமாபுரிக்குத் தெற்கே, இத்தாலியின் நெஞ்சிலேயே, எல்லை மாகாணத்துக் கலம் வந்து இறங்கியிருக்கிறது. கலையைத் தந்த தாய்நாடு ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் அதே கலையை விலை கொடுத்து வாங்கியது.

இன்னும் வடக்கே, பிரித்தானியத் தீவில், ஹேட்ரியன் மதிலை அடுத்து வின்டோலண்டா என்னும் கோட்டை இருக்கிறது. அங்கே மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய ஏடுகள் ஈரமண்ணுக்குள் அழியாமல் கிடைத்தன. நம் ஓலைச்சுவடிக்கு அவற்றைத் தூரத்து உறவு என்று சொல்லலாம். கி.பி. 100ஐ ஒட்டிய ஓர் ஏட்டில், ஒரு நாள் பட்டறை வேலைக்குப் போனவர்கள் 343 பேர் என்று கணக்கு இருக்கிறது. அவருள் செருப்புத் தைப்போர் 12 பேர், குளியல் மண்டபம் கட்டச் சென்ற கொத்தர் 18 பேர், மற்றும் பலர். எல்லைக் காவல் என்றால் வேலும் வாளும்தான் என்று நினைக்கிறோம். அங்கும் பகற்பொழுதில் பெரும்பகுதி தோல் தைப்பதிலும் சுவர் எழுப்புவதிலும் போயிற்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பிரித்தானியாவில் இத்தகைய உரோமக் கோட்டைகளையும் நகரங்களையும் அகழ்ந்து பழகிய ஒருவர், 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர்தாம் மார்ட்டிமர் வீலர். சென்னை அருங்காட்சியகத்துப் பொருள்களினிடையே மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடியின் உடைந்த துண்டு ஒன்று அவர் கண்ணிற்பட்டது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு புதுச்சேரிக்குச் சென்றார். அங்கே, முன்பு ஊர்க்காரர்களும் பிரெஞ்சு அறிஞர்களும் திரட்டி வைத்திருந்த துண்டுகளுள், தாம் நன்கு அறிந்த அரெஸ்ஸோச் சிவப்புக் கலத்தைக் கண்டார். ரைன் கரையிலும் தேம்ஸ் கரையிலும் கண்ட அதே இனத்துக் கலம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்! 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தார். விபியே, காமூரி, இத்தா என்று படிக்கத்தக்க குயவர் முத்திரைகள் கிடைத்தன.

வீலர் பெரிய அறிஞர், அதில் ஐயமில்லை. ஆயினும் பிரித்தானியாவில் பழகிய கண் ஒன்றைப் பெரிதாகவும் மற்றொன்றைச் சிறிதாகவும் கண்டுவிட்டது என்றே நான் கருதுகிறேன். யவன வணிகர் வந்ததனால் எழுந்த ஊர் அரிக்கமேடு என்று அவர் எழுதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழுவினர் மீண்டும் அகழ்ந்தபோது, உரோமக் கப்பல் வருவதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்து தொழில் செய்தனர் என்பது தெளிவாயிற்று. உட்புறத்து அடியில் பல்சக்கரம் உருட்டியதுபோல் வட்ட வட்டமாகக் கோடு போட்ட வழவழப்பான தட்டு ஒன்று அங்கு நிறையக் கிடைக்கும். அதையும் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்றே வீலர் கொண்டார். பின்னர் அதன் மண்ணை ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர்கள், அது இந்திய மண் என்று கண்டார்கள். எல்லையில் நல்ல பொருள் ஒன்று கிடைத்தால், அது வெளியிலிருந்து வந்திருக்கும் என்று எண்ணுவது அறிஞர்க்கும் எளிதில் விடாத பழக்கம் போலும்!

அரிக்கமேட்டுக்காரர்கள் எதைச் செய்தார்கள்? மணி செய்தார்கள். சூதுபவளம், பளிங்கு, செவ்வந்திக்கல் ஆகியவற்றைத் தேய்த்துத் துளையிட்டார்கள். பாதி முடிந்து உடைந்த மணிகளும் கற்சில்லுகளும் பட்டறை இருந்ததற்குச் சாட்சி சொல்கின்றன. அதைவிடப் பெரிது கண்ணாடி மணி. உருகிய கண்ணாடிப் பாகை இரும்புக் குழாயின் தலையில் உருண்டையாகத் திரட்டி, நடுவே துளை விழச்செய்து, ஈர்க்குப் போன்ற நீண்ட குழலாக இழுப்பார்கள். அதைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றினால் முனை மழுங்கி உருண்டுவிடும். கடுகளவு மணி; சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பல நிறம். ஆந்திர நாட்டுப் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையில் மணி இழுக்கும் குடும்பங்களைக் கண்டு எழுதினார், பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர். இம்மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டவரும் அவரே. இலங்கையின் மாந்தை, தாய்லாந்து, மலாய் நாடு, வியட்நாம் என்று கீழ்க்கடல் நெடுகிலும் அவை கிடைக்கின்றன. அரிக்கமேட்டுக் கைவினைஞரே சென்று அங்கெல்லாம் பட்டறை வைத்தனர் என்பது பிரான்சிஸின் கருத்து. அத்தனையும் ஓரிடத்து வேர் அன்று என்று கண்ணாடியின் வேதியியலைப் பார்த்த பின்னோர் சிலர் மறுப்பர். அந்த வழக்கு முடியட்டும். கைவினைஞர் கடல் கடந்தார்கள் என்பதற்கு மணியைவிட உறுதியான சான்று ஒன்று உண்டு.

நம் தீவுகளுக்கு நேர்கிழக்கே, இந்த அந்தமான் கடலின் மறுகரையில், தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் கிளாங் தொம் என்று ஓர் ஊர். அங்கே ஓர் உரைகல் கிடைத்தது. பொன்னை உரசி மாற்றுக் காணும் கல். அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில், ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர். பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லனுடைய கல் என்று பொருள். பொற்கொல்லரைப் பத்தர் என்று இன்றும் அழைக்கிறோம் அல்லவா? அரசன் பெயரில்லை, படைத்தலைவன் பெயரில்லை. தொழில் செய்யக் கடல் கடந்த ஒரு தமிழன், தன் கருவி பிறர் கருவியோடு கலந்துவிடாதிருக்கத் தன் பெயரைக் கீறி வைத்தான். அவனுக்குச் சங்கம் இருந்ததோ இல்லையோ, அக்கம்பக்கத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த நாலு பேராவது இருந்திருக்க வேண்டும்!

அவன் சென்ற கடல்வழியின் நடுவே கிடப்பவை இத்தீவுகள். இங்கே அப்போது என்ன நடந்தது? தென் அந்தமானில் சௌல்தாரி என்னும் இடத்துச் சிப்பிமேட்டை அகழ்ந்த சரின் கூப்பர் அம்மையார், ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கும் மேற்பட்ட பழமையைக் கண்டார். அங்கே மட்கல ஓடுகளும் கிடைத்தன. வேளாண்மை அறியாதவர் என்று நாம் எண்ணும் அந்தமான் பழங்குடியினர் பானை செய்யத் தெரிந்தவர்கள். நிக்கோபாரையோ, முதலாம் இராசேந்திரனின் 1030ஆம் ஆண்டுத் தஞ்சைக் கல்வெட்டு ‘மாநக்கவாரம்’ என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. வென்ற ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறது. அவ்வூர் மக்கள் எதில் சமைத்தார்கள் என்பது இல்லை. கல்வெட்டின் இயல்பு அது.

அவர்கள் எதில் சமைத்தார்கள் என்பதை அறியச் சௌராவுக்குப் போகவேண்டும்.

கார் நிக்கோபாருக்கும் தெரெசாவுக்கும் இடையே கிடக்கும் சிறு தீவு சௌரா. அத்தீவினர் அதைச் சனேன்யோ என்பர். பரப்பு ஏறத்தாழ 8 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் 1,270 பேர். தெற்கு முனையில் ஒரு பாறைக்குன்று. மற்றவை தட்டையான நிலம். இந்தப் புள்ளியளவு தீவுதான் நிக்கோபார்த் தீவுகள் அனைத்துக்கும் பானை செய்து கொடுத்தது. வேறெந்தத் தீவிலும் பானை செய்யக்கூடாது. சௌராவிலும் ஆண்கள் செய்யக்கூடாது. மண் பிசைவது முதல் சுட்டு இறக்குவது வரை பெண்கள் வேலை. நம் நாட்டில் திகிரியில் ஆண் அமர்வான். பெண் மண் பிசைந்து கொடுப்பாள். சௌராவில் திகிரியே இல்லை.

இதில் வியப்பு என்னவென்றால், பானைக்கு வேண்டிய களிமண் சௌராவில் கிடைப்பதில்லை! தெரெசாத் தீவிலிருந்து ஓடத்தில் கொண்டுவர வேண்டும். மண் உள்ள தீவு பானை செய்யவில்லை. மண் இல்லாத தீவு செய்தது.

நெடுங்காலம் இத்தீவுகளில் அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹோரஸ் மேன் என்பவர், 1894இல் நிக்கோபார் மட்கலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். செய்ம்முறையை அவர் பொறுமையோடு பார்த்து எழுதியிருக்கிறார். மண்ணில் உள்ள கல்லைப் பொறுக்கி, மென்மணல் கலந்து, பதம் வரும்வரை பிசைவார்கள். தரையில் ஒரு பலகை. அதன்மேல் ஒரு சும்மாடு. சும்மாட்டின்மேல் ஒரு பரந்த தட்டு. தட்டில் மண் ஒட்டாதிருக்க வாழையிலை வட்டமாக நறுக்கிப் போட்டிருக்கும். அதன்மேல் அடிப்பாகத்தை அமைத்து, மண்ணைத் திரி திரியாக உருட்டிச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றுவாள். அளவுகோல் அவள் கண்ணே. ஒன்றிரண்டு நாள் உலர்ந்தபின் கவிழ்த்து, மிகுதியைச் சுரண்டி எடுப்பாள்.

சுடுவதற்குப் பெரிய சூளை கிடையாது. தரையில் உடைந்த ஓடுகளை நட்டு, அதன்மேல் பானையைக் கவிழ்த்து, அடியிலும் சுற்றிலும் தேங்காய்ச் சிரட்டையும் விறகும் அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரண்டு மூன்று பெண்கள் நின்று விசிறுவார்கள். வெந்த பானையைச் சூடு ஆறுமுன் மணலில் இறக்கி, பச்சைத் தேங்காய் மட்டையை நீளக் கீற்றாக நறுக்கி மேலே அழுத்துவார்கள். மட்டையின் சாறு சூட்டில் பட்டவுடன் கருங்கோடு விழும். பின்னர் ஈர மட்டையால் உள்ளும் புறமும் தேய்த்தால் மற்ற இடமெல்லாம் செப்பு நிறம் ஏறும். தென்னையைத் தவிர வேறு செல்வம் குறைந்த ஊரில், வண்ணமும் மெருகும் எரிபொருளும் தென்னையே! பிறகு, விளிம்பின் கீழே தன் குறியைப் போடுவது செய்தவளின் வழக்கம். இன்னாள் செய்த பானை என்பதை அக்குறி காட்டும்.

இந்தக் குறியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். உரோமக் குயவன் குத்திய முத்திரையும் இதுவும் ஒரே வேலையைச் செய்கின்றன. ரைன்சாபெர்னில் கோப்னெர்டுஸ் என்று முத்திரை குத்தியவன் உரோமன் அல்லன். கால் இனத்துப் பெயர் உடையவன். எழுத்து ஆண்டவருடையது, பெயர் தன்னுடையது. நம் கொடுமணலிலும் அரிக்கமேட்டிலும் பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமியில் பெயர்கள் நிறையக் கிடைத்துள்ளன, பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால் அவை பெரும்பாலும் பானையை உடையவர் பெயர். வாங்கிய பின் கீறியவை. செய்தவன் பெயரை நாம் எழுதவில்லை. எழுத்தறியாதவர் என்று எண்ணப்பட்ட சௌராப் பெண்களோ, செய்தவள் இன்னாள் என்று தெரியவேண்டும் என்பதை மறக்கவில்லை.

பிற தீவினர் ஏன் பானை செய்யவில்லை? அச்சம். பானைத் தொழில் சௌராப் பெண்களுக்கே உரியது என்பது ஆதியில் தெய்வம் இட்ட கட்டளை. மீறினால் நிலம் நடுங்கும், திடீரென உயிர் போகும் என்பது நம்பிக்கை. சௌராவைத் தம் இனத்தின் பிறப்பிடமாகவும் மந்திரவாதிகளின் தீவாகவும் மற்ற நிக்கோபாரியர் கருதினர். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிக்கையில் ரிச்சர்ட் டெம்பிள் இதைக் குறிப்பிட்டு, தீவுகளுக்கிடையிலான வாணிகத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சௌரா மக்கள் இந்த நம்பிக்கையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டனர் என்கிறார். ஓட வாணிகமும் அவ்வாறே. பெரிய ஓடம் குடையத்தக்க மரம் நடுத்தீவுகளில் உண்டு. கார் நிக்கோபாரில் அரிது. அங்கே குடைந்த ஓடங்கள் சௌராவுக்கு வந்து, சௌரா மக்கள் கைவழியே கார் நிக்கோபாருக்குப் போகவேண்டும். கார் நிக்கோபார் இளைஞர்கள் திறந்த கடலில் துடுப்புப் போட்டுச் சௌராவுக்குச் செல்வது ஆண்டுதோறும் நிகழும் பெரும் பயணம். முதன்முறை செல்பவனுக்குச் சடங்குகளும் உண்டு.

இதைக் கேட்டு, ‘மூடநம்பிக்கை’ என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படித் தள்ளமாட்டேன். சௌராவில் நிலம் குறைவு, ஆள் மிகுதி. கார் நிக்கோபாரிடம் தேங்காய் இருந்தது. அதை வாங்கக் கப்பல் வந்தது. துணியும் இரும்பும் அவர்கள் கையில் சேர்ந்தன. சௌராவின் கையில் என்ன இருந்தது? பெண்களின் கைத்திறன் இருந்தது. அந்தப் பானையே அவர்களுக்கு வயல். வயலுக்கு வேலி போடாதவர் யார்? நாம் சட்டத்தாலும் பத்திரத்தாலும் வேலி போடுகிறோம். அவர்கள் தெய்வத்தின் பெயரால் போட்டார்கள். உரோம எல்லையில் அத்தகைய வேலி இல்லை. ஆதலால்தான் சூளை அரெஸ்ஸோவை விட்டு ஊர் ஊராக வாங்குவோரை நோக்கி நகர்ந்தது, அரெஸ்ஸோ மங்கியது. சௌராவிலோ சூளை நகரவில்லை. மண்ணும் வாங்குவோரும் கடல் கடந்து சூளையை நோக்கி வந்தார்கள்.

அப்படியானால் அந்த வேலி என்றைக்கும் காக்குமா? காக்கவில்லை. ரைன்சாபெர்னின் சூளைகள் படையை நம்பி எரிந்தன. 3ஆம் நூற்றாண்டில் போர்களால் எல்லை குலைந்து படை தளர்ந்தபோது தொழிலும் ஒடுங்கிற்று. அரிக்கமேட்டு மணிக்கு அக்கேடு நேரவில்லை; மேற்கே கேட்போர் குறைந்தாலும் கிழக்கே கேட்போர் இருந்தார்கள். சௌராப் பானையை நம்பியிருந்தவை நிக்கோபார் அடுப்படிகள். தாழை இனத்துப் பழத்தை அவித்துப் பிசைந்து உணவாக்கவும், விருந்துக்குப் பன்றிக்கறி சமைக்கவும் அந்தப் பானை வேண்டும். கொப்பரை விற்ற காசில் அலுமினியமும் எஃகும் வீட்டுக்குள் வந்தன. பானை செய்வது குற்றம் என்று இருந்த தடையைப் பிற தீவினர் மீறவே வேண்டியிருக்கவில்லை. பானை வாங்குவதை நிறுத்தினாலே போதுமானதாயிற்று. அலுமினியக் குண்டானை எந்தத் தெய்வமும் தடுக்கவில்லை! சௌராவில் பானை வனையும் கைகள் இன்று குறைந்துவிட்டன.

அதன்மேல் 2004 திசம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலை சௌராவை என்ன செய்தது என்பதை இந்த அவையில் நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் குடும்பங்களிலேயே, கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தவர்களின் உறவினர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உயிர் தப்பிய சௌரா மக்களைத் தெரெசாவுக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். தெரெசா அவர்களுக்குக் களிமண் தந்த தீவு. சௌராவைவிடப் பல மடங்கு பெரியது. அங்கேயே இருந்துவிட்டால் மண் சுமக்க ஓடம் வலிக்கும் வேலையும் மிச்சம். அவர்கள் தங்கவில்லை. தம் சிறு தீவுக்கே திரும்பினார்கள்.

இனி நம்மைப் பற்றி. பொங்கலன்று நம்முள் எத்தனை பேர் மண்பானையில் பொங்குகிறோம்? கைதூக்கச் சொல்லமாட்டேன், தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் எவர்சில்வர்ப் பானைக்கே மஞ்சள்கொத்துக் கட்டுகிறோம். கப்பலில் மண்பானை கொண்டுவந்தால் பாதி உடைந்துவிடுகிறது என்று கடைக்காரர் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நாம் வாழும் இதே ஒன்றியப் பகுதியில், பல நூற்றாண்டுகளாகப் பானைக்கென்றே பெயர்பெற்ற ஒரு தீவு இருக்கிறது. நமக்கு அதன் பெயர் தெரியும், பானையைத் தெரியாது.

எனவே செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நிக்கோபார் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட பகுதி, 1956ஆம் ஆண்டு விதிமுறையின்படி நாம் நினைத்தபோது அங்கே போகமுடியாது, போகாதிருப்பதே முறை. அம்மக்களின் பழங்குடி மன்றத்திற்கு நம் சங்கம் ஒரு கடிதம் எழுதலாம். வரும் பொங்கலுக்குச் சௌராப் பெண்கள் விரும்பினால், எத்தனை பானை செய்துதர இயலுமோ அத்தனையை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதலாம். விலையை அவர்களே சொல்லட்டும், பேரம் வேண்டாம். அவர்கள் இயலாது என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். மற்றொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் கைமுறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு நாமே இங்கு ஒரு பட்டறை வைப்போம் என்று ஆர்வமுள்ள இளைஞர் எவரேனும் எழுந்தால், சங்கம் அதற்குத் துணைபோகக் கூடாது. அது அவர்களுடைய வயல்.

பானை வந்து சேர்ந்தால், மஞ்சள் பூசுமுன் குழந்தைகளை அழைத்து விளிம்பின் கீழே பார்க்கச் சொல்லுங்கள். குறி இருக்கும். அந்தக் குறி யாருடையது, அவர் பெயர் என்ன என்று கேட்டு மறு கடிதத்தில் எழுதுவதைச் செயலாளர் அவர்கள் மறந்துவிடக் கூடாது.